ஒருவருக்காக மட்டும் இருந்த மென்பொருள்

அலுவலகக் கணினியில் நாமே தேர்ந்தெடுத்து நாமே நிறுவிக்கொண்ட அவுட்லைனர் இன்று இல்லை. அது போன நாளைத் தேதி போட்டுச் சொல்ல முடியாது. அந்த வகையிலேயே ஆகச் சிறந்ததை 1997இல் அதை விற்றுவந்த நிறுவனமே கைவிட்டது. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் பென் டிரைவில் உயிரைப் பிடித்துக்கொண்டு அவுட்லைனர்கள் அலுவலகங்களுக்குள் வந்துபோயின. பிறகு அந்தத் துளையும் அடைபட்டது. அதை இழந்து வருந்தியவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் அந்தக் கொஞ்சம் பேரும் தங்கள் வேலை முழுவதையும் அதற்குள் வைத்திருந்தார்கள். அறிக்கைகளும் கூட்டக் குறிப்புகளும் எழுதியே வயிறு வளர்த்தவன் என்ற முறையில் நானும் அவர்களில் ஒருவன்.

அதைப் பார்த்திராதவர்களுக்காக அது செய்த வேலையைச் சொல்கிறேன். ஒரு வரி எழுதுகிறோம். அடுத்த வரியை எழுதி டேப் விசையைத் தட்டினால் அது ஒரு படி உள்ளே தள்ளி அமர்கிறது. மேலே இருப்பது தாய் வரி, உள்ளே இருப்பது பிள்ளை வரி. பிள்ளைக்கும் பிள்ளைகள் வரலாம். தாய் வரியை மடக்கினால் அதன் கீழுள்ள நாற்பது வரிகளும் கண்ணிலிருந்து மறைகின்றன. விரித்தால் அப்படியே திரும்பி வருகின்றன. தாயை நகர்த்தினால் அதன் கீழ் இருப்பவை எல்லாம் கூடவே போகின்றன. ஒரு கிளையை மட்டும் திரையில் நிறுத்தி, மற்ற அனைத்தையும் மறைத்துவிட்டு அதற்குள்ளேயே வேலை பார்க்கலாம். நல்ல அவுட்லைனர் என்றால் ஒரே வரியை இரண்டு இடங்களில் வைக்கலாம். ஓரிடத்தில் திருத்தினால் மற்ற இடத்திலும் திருந்தும்.

இவ்வளவுதானா என்று கேட்பவர்கள் உண்டு. இவ்வளவுதான். ஆனால் நாற்பது பக்க அறிக்கை ஒன்றை எழுதவேண்டியவர், எதை முதலில் சொல்வது, எதை எதற்குள் அடக்குவது, எதை வெட்டி எறிவது என்று முடிவெடுக்கும் அந்த ஒரு வாரத்தில் அவருக்குத் தேவைப்படுவதும் இவ்வளவுதான். எழுத்துரு, ஓரம், பக்க எண் எதுவும் அப்போது வேண்டாம். மொத்தத்தையும் ஒரு பார்வையில் பார்க்க வேண்டும், அடுத்த நொடியில் ஒரு மூலைக்குள் இறங்க வேண்டும், திரும்ப மேலே ஏறி வர வேண்டும். வழக்கறிஞர்களும் பத்திரிகையாளர்களும் ஆய்வு மாணவர்களும் திட்ட மேலாளர்களும் இதற்கு அடிமையானது இதனால்தான்.

இதன் வேர் பழையது. அமெரிக்கக் கணினி ஆய்வாளர் டக்ளஸ் எங்கல்பார்ட் 1968 டிசம்பர் 9ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் ஒரு மாநாட்டு மேடையில் தொண்ணூறு நிமிடங்கள் தன் கணினி அமைப்பைக் காட்டினார். மவுஸ் அன்றுதான் பொதுமக்கள் முன் வந்தது என்பதால் அந்த நாளை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அவர் மவுஸை வைத்துக்கொண்டு செய்தது என்ன? வீட்டுக்குப் போகும் வழியில் வாங்கவேண்டிய சாமான்களைத் திரையில் எழுதினார். அவற்றை வகை பிரித்து ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கினார். பிறகு தலைப்புகள் மட்டும் தெரியும்படி மடக்கிக் காட்டினார். அவருடைய என்எல்எஸ் அமைப்பில் ஒவ்வொரு உரைத் துண்டுக்கும் படிநிலை எண் உண்டு. எத்தனை படி ஆழம் வரை பார்க்கலாம் என்பதைப் பயனரே தீர்மானிப்பார். மனிதர் தன் சிந்தனையைத் தானே பிரித்து அடுக்கிப் பார்க்கக் கணினி உதவ வேண்டும் என்பது அவர் வாழ்நாள் முழுக்கச் சொன்ன பேச்சு. 2013இல் அவர் மறைந்தபோது வந்த அஞ்சலிகள் பலவும் மவுஸோடு நின்றுவிட்டன. எனக்கு அது இன்றும் ஆற்றாமைதான்.

மேசைக் கணினிக்கு அவுட்லைனரைக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் டேவ் வைனர். அவருடைய லிவிங் வீடியோடெக்ஸ்ட் நிறுவனம் 1983இல் ஆப்பிள் 2 கணினிக்கு திங்க்டேங்க் என்ற அவுட்லைனரை வெளியிட்டது. ஐபிஎம் பிசிக்கும் மெக்கின்டாஷுக்கும் அது வந்தது. 1985இல் ரெடி என்று ஒன்று. டாஸ் காலத்தில் ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் ஓடும் என்ற கட்டுப்பாட்டை மீறி, அது நினைவகத்திலேயே பதுங்கிக்கொண்டு, ஒரு விசையைத் தட்டியதும் எந்த வேலைக்கு நடுவிலும் எழுந்து வரும். 1986இல் மெக்கின்டாஷுக்கு மோர் வந்தது. எழுதிய அவுட்லைனையே விசை ஒன்றில் ஸ்லைடுகளாகவும் கிளை வரைபடமாகவும் மாற்றிக் கொடுத்த மென்பொருள் அது. பவர்பாயின்ட் பிறந்தது அடுத்த ஆண்டுதான். அதே 1987இல் லிவிங் வீடியோடெக்ஸ்ட் சிமான்டெக் நிறுவனத்தோடு இணைந்தது.

இவை அலுவலகத்துக்குள் எப்படி வந்தன என்பது முக்கியம். எந்த நிறுவனமும் குழு கூட்டி முடிவெடுத்து இவற்றை வாங்கவில்லை. ஒரு மேலாளர் இதழில் விளம்பரத்தைப் பார்ப்பார். சொந்தப் பணத்திலோ சில்லறைச் செலவுக் கணக்கிலோ ஒரு பெட்டியை வாங்கி வருவார். மதிய இடைவேளையில் ஃபிளாப்பியைச் செருகுவார். பிற்பகலில் வேலை தொடங்கிவிடும். யாரிடமும் கேட்கத் தேவையில்லை, கேட்க ஆளும் இல்லை. கொத்தனார் எந்த வீட்டு வேலைக்குப் போனாலும் கரண்டியும் தூக்குக்குண்டும் அவருடையவையாகவே இருக்கும் அல்லவா, அந்த உரிமை அப்போது மேசை வேலை செய்தவருக்கும் இருந்தது.

சிமான்டெக் விற்ற இன்னொரு அவுட்லைனர் கிராண்ட்வியூ. அதை எழுதிய ஜான் ஃபிரெண்ட் அதற்கு முன் பிசி-அவுட்லைன் என்று ஒன்றை எழுதி பிரவுன் பேக் என்ற நிறுவனத்துக்கு விற்றிருந்தார். புதியது பழையதன் நகல் என்று பிரவுன் பேக் வழக்குத் தொடுத்தது. அமெரிக்காவின் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 1992இல் சிமான்டெக் பக்கம் தீர்ப்பளித்தது. மடக்கி விரிக்கும் வரிகளுக்காக மேல்முறையீடு வரை போகும் அளவுக்கு அப்போது அதில் பணமும் மானமும் இருந்தன. ஆனால் கிராண்ட்வியூ டாஸோடு நின்றது, விண்டோஸுக்கு வரவே இல்லை. லோட்டஸ் மென்பொருள் நிறுவனத்தில் அதன் நிறுவனர் மிட்ச் கேபோரும் அவருடைய சகாக்களும் உருவாக்கிய அஜெண்டா 1988இல் வந்து சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டது. எதையும் எப்படியும் எழுதிப் போடு, வகை பிரிப்பது என் வேலை என்று சொன்ன மென்பொருள் அது. கேபோர் 2002இல் அதே கனவைச் சாண்ட்லர் என்ற பெயரில் மறுபடி தொடங்கியும் கரைசேரவில்லை.

இந்த வரிசையின் உச்சம் எக்கோ. அதைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

அரபெஸ்க் என்ற சிறு நிறுவனம் 1993இல் விண்டோஸுக்காக எக்கோவை வெளியிட்டது. அதைத் திறந்தால் ஒரு பக்கம் அவுட்லைன், ஒரு பக்கம் நாட்காட்டி, ஒரு பக்கம் தொலைபேசிப் புத்தகம். மூன்றுமே உள்ளுக்குள் ஒரே பொருள்தான் என்பதில் இருந்தது அதன் மேதைமை. நாட்காட்டியில் இருக்கும் சந்திப்பு ஓர் அவுட்லைன் வரி. அதன் கீழே பேசவேண்டியவற்றைப் பிள்ளை வரிகளாக எழுதிக்கொள்ளலாம். தொலைபேசிப் புத்தகத்தில் இருக்கும் ஆளும் ஒரு வரிதான்; அவரிடம் பேசியதெல்லாம் அவர் பெயரின் கீழேயே சேரும். எந்த வரியையும் எத்தனை கோப்புறைகளிலும் போடலாம். கோப்புறையை அவுட்லைனுக்குப் பக்கத்திலேயே ஒரு நெடுவரிசையாக நிறுத்தலாம்: இது முடிந்ததா, யார் பொறுப்பு, என்றைக்குக் கெடு, எவ்வளவு செலவு. அவுட்லைனின் ஆழமும் அட்டவணையின் அகலமும் ஒரே திரையில் கிடைத்தன.

ஷூட்டர் என்று ஒன்று இருந்தது. மின்னஞ்சலிலோ வேர்டிலோ ஒரு பத்தியைத் தேர்ந்து அந்தச் சின்னத்தைச் சொடுக்கினால் அது எக்கோவில் போய் வரியாக விழும். பாம் பைலட் என்ற கையடக்கக் கணினி வைத்திருந்தவர்கள் அதோடும் இணைத்துக்கொண்டார்கள். இத்தனையும் இன்றைக்கு ஒரு புகைப்படத்துக்குப் போதாத நினைவகத்தில் ஓடியது, விசையைத் தொட்டதும் திறந்தது.

நெட்மேனேஜ் என்ற கலிஃபோர்னிய நிறுவனம் 1994இல் அரபெஸ்கை வாங்கியது. அவர்களுடைய தொழில் கணினிகளைப் பிணையத்தில் இணைக்கும் மென்பொருள். எக்கோ அங்கே 4.01 பதிப்பு வரை வளர்ந்தது. பிறகு மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் 97 வந்தது. அதற்குள் அவுட்லுக் இருந்தது. மின்னஞ்சல், நாட்காட்டி, முகவரி, பணிப்பட்டியல் எல்லாம் ஒரே பெட்டியில், தனி விலை இல்லாமல். ஏற்கெனவே ஆபீஸுக்குப் பணம் கட்டிவிட்ட நிறுவனம் எக்கோவுக்கு எதற்குத் தனியாகக் கட்ட வேண்டும்? அந்தக் கேள்விக்கு விற்பனையாளரிடம் பதில் இல்லை. பயன்படுத்தியவர்களிடம் பதில் இருந்தது, ஆனால் பணம் கட்டும் இடத்தில் அவர்கள் இல்லை. 1997இல் நெட்மேனேஜ் எக்கோவின் வளர்ச்சிப் பணியை நிறுத்தியது.

அன்றைய அவுட்லுக்கின் பணிப்பட்டியலில் ஒரு பணிக்குக் கீழே உட்பணி போட முடியாது. எக்கோவில் இருந்தவரை அங்கே அனுப்பினால் அவர் சில ஆண்டுகளாக அடுக்கிவைத்த படிநிலை முழுவதும் தட்டையாகிவிடும். அதனால் பலர் போகவில்லை. நிறுத்தப்பட்ட மென்பொருளையே வைத்துக்கொண்டு விண்டோஸ் 98, 2000, எக்ஸ்பி என்று புதிய கணினிக்கு மாறும்போதெல்லாம் கூடவே எடுத்துப்போனார்கள். நெட்மேனேஜ் அதை இலவசமாகத் தரவிறக்கிக்கொள்ள விட்டது. மூல நிரலைத் திறந்துவிடுங்கள் என்று பயனர்கள் மன்றாடினார்கள், அது நடக்கவில்லை. 2008இல் நெட்மேனேஜையே மைக்ரோ ஃபோகஸ் வாங்கிவிட்டது. மூல நிரல் இல்லாமலேயே வெளியிலிருந்து ஒரு நிரலர் எக்கோவுக்குப் புதிய வசதிகளை ஒட்டிக் கொடுத்தார். யாரும் சம்பளம் தராமல், கைவிடப்பட்ட ஒன்றுக்காக ஒருவர் இத்தனை உழைக்கிறார் என்றால் அந்தக் கருவியின் தரத்துக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

எக்கோவை நிறுத்தியது சந்தை. அலுவலக மேசையிலிருந்து அதை அகற்றியது வேறொன்று.

எக்கோ பிறந்த காலத்து விண்டோஸில் யார் வேண்டுமானாலும் எதையும் நிறுவலாம். ஆனால் ஆயிரம் கணினிகள் உள்ள நிறுவனத்தில் ஆயிரமும் ஆயிரம் விதமாக இருந்தால் பழுதுபார்க்கும் செலவு தாங்காது என்ற கணக்கு 1990களிலேயே எழுந்துவிட்டது. விண்டோஸ் 2000 குழுக் கொள்கை என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஓர் அறையில் அமர்ந்தபடி எல்லாக் கணினிகளுக்கும் ஒரே விதியைப் போடலாம். 2001இல் வந்த எக்ஸ்பியில் எந்த நிரல் ஓடலாம், எது ஓடக்கூடாது என்றே விதிக்க முடிந்தது. 2007இல் விஸ்டா, நிர்வாகிக் கணக்கில் இருப்பவரும் தனி ஒப்புதல் இல்லாமல் நிரல்களின் கோப்புறையில் எழுதுவதைத் தடுத்தது. பழைய அவுட்லைனர்கள் பல தங்கள் அமைப்புகளையும் சில நேரம் குறிப்புகளையுமே தங்கள் நிரலுக்குப் பக்கத்தில் சேமித்தவை. விஸ்டா அவற்றைச் சத்தமில்லாமல் வேறொரு மறைவான கோப்புறைக்குத் திருப்பிவிட்டது. நேற்று எழுதிய குறிப்பு எங்கே போனது என்று தெரியாமல் தேடியவர்கள் இருந்தார்கள். 2009இல் விண்டோஸ் 7 ஆப்லாக்கரைத் தந்தது. அதன் இயல்பான விதிகளை அப்படியே போட்டாலே, நிர்வாகி நிறுவிய இடத்தில் உள்ள நிரல்கள் மட்டும்தான் சாதாரணப் பயனருக்கு ஓடும்.

பூட்டுப் போட்டவர்களிடம் நியாயம் இருந்தது, அதை மறைப்பது சரியல்ல. 2003 ஜனவரியில் ஸ்லாமர், ஆகஸ்டில் பிளாஸ்டர் என்று புழுக்கள் அலுவலகப் பிணையங்களையே முடக்கின. 2008 நவம்பரில் வெளிப்பட்ட கான்ஃபிக்கர் பென் டிரைவைச் செருகியதும் தானே ஓடும் வழியைப் பிடித்துக்கொண்டு பரவியது. அதே மாதம் வேறொரு புழுவின் காரணமாக அமெரிக்க ராணுவம் தன் கணினிகளில் பென் டிரைவுகளுக்குத் தடை போட்டது. 2017 மே மாதம் வானாக்ரை மருத்துவமனைகளின் கணினிகளைப் பூட்டி நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வைத்தது. அனுமதித்த நிரல் மட்டுமே ஓடட்டும் என்பதை ஆஸ்திரேலிய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு தன் தலையாய பரிந்துரைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. இதையெல்லாம் படித்துவிட்டு, என் அவுட்லைனருக்காகக் கதவைத் திறந்து வையுங்கள் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் கதவு மூடுவதற்கும் ஜன்னல் மூடுவதற்கும் நடுவே ஒரு நல்ல காலம் இருந்தது. 2004 வாக்கில் பென் டிரைவுகள் மலிந்தன. நிறுவத் தேவையில்லாமல், பென் டிரைவிலிருந்தே ஓடும் நிரல்களை மக்கள் தொகுக்கத் தொடங்கினார்கள். கீநோட், ட்ரீபேட் போன்ற சிறு மரக் குறிப்பேடுகள் சில மெகாபைட்டுக்குள் அடங்கின. காலையில் செருகி, நாளெல்லாம் எழுதி, மாலையில் உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பலாம். அலுவலகக் கணினியில் ஒரு சுவடும் இருக்காது. குறிப்பும் கருவியும் சேர்ந்தே வீட்டுக்கு வந்தன. வேலை மாறினாலும் மேசை மாறினாலும் அடுக்கு மாறவில்லை.

அதே 2004இல் ஜெரமி ரஸ்டன் டிட்லிவிக்கியை வெளியிட்டார். முறைப்படி பார்த்தால் அது அவுட்லைனர் அல்ல. ஆனாலும் பூட்டிய கணினிக்காரர்களுக்கு அது புகலிடமாக இருந்தது. ஒரே ஓர் எச்டிஎம்எல் கோப்பு. நிரலும் அதற்குள், குறிப்புகளும் அதற்குள். உலாவி இல்லாத அலுவலகம் கிடையாது, உலாவியில் ஒரு கோப்பைத் திறப்பதை யாரும் தடுக்கவில்லை. அந்தக் கோப்பு தன்னைத் தானே வட்டில் சேமித்துக்கொள்ளவும் செய்தது. உலாவிகளின் பாதுகாப்பு இறுக இறுக அந்த வழி குறுகியது. 2017 நவம்பரில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 57 பழைய வகை நீட்சிகளை நிறுத்தியபோது, நேரடியாகச் சேமிக்க உதவிய நீட்சியும் போனது. அதற்குப் பிறகு வேறு ஏற்பாடு இல்லாதவர் ஒவ்வொரு முறையும் புதிய நகலைத் தரவிறக்கிப் பழையதன் மேல் எழுத வேண்டியதாயிற்று.

பென் டிரைவின் முடிவும் படிப்படியாகத்தான் வந்தது. முதலில் தானே ஓடுவதை நிறுத்தினார்கள். பிறகு அதில் எழுதுவதைத் தடுத்தார்கள். கடைசியில் செருகினாலும் கணினி கண்டுகொள்ளாத நிலை வந்தது. டாஸ் அவுட்லைனர்களைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களின் கதை இன்னும் சுருக்கம்: 64 பிட் விண்டோஸ் 16 பிட் நிரல்களை ஓட்டாது. கிராண்ட்வியூவை ஓட்ட, டாஸைப் போல நடிக்கும் டாஸ்பாக்ஸ் என்ற நிரல் வேண்டும், டாஸ்பாக்ஸை நிறுவ அனுமதி வேண்டும்.

அந்த அனுமதிக்கு ஒரு படிவம் உண்டு. நான் வேலை பார்த்த இடத்தில் எக்கோவுக்கு அனுமதி கேட்டேன். ஹெல்ப் டெஸ்கில் இருந்த தம்பி மிகவும் பொறுமையானவர். "சார், இது அப்ரூவ்டு லிஸ்ட்ல இல்ல. டிக்கெட் போட்டுடுங்க, செக்யூரிட்டி டீம் பார்ப்பாங்க" என்று படிவத்தையும் அனுப்பிவைத்தார். விற்கும் நிறுவனம் எது? எக்கோவுக்கு அப்படி ஒன்று இப்போது இல்லை. பராமரிப்பு ஒப்பந்தம்? கிடையாது. எத்தனை பேருக்குத் தேவை? ஒருவருக்கு. ஏற்கெனவே உள்ள மென்பொருளில் இதைச் செய்ய முடியாதா? வேர்டில் அவுட்லைன் பார்வை என்று ஒன்று இருக்கிறதே. நிறுவனத்துக்கு இதனால் என்ன பயன்? அந்தக் கட்டத்துக்கு முன்னால்தான் நான் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் அறிக்கைகள் தெளிவாக வரும் என்று எழுதலாம். அதை அளக்க வழி இல்லை. அந்தத் தம்பி மேல் தவறில்லை, படிவத்தை எழுதியவர் மேலும் தவறில்லை. நூறு பேர் சேர்ந்து பயன்படுத்தும் ஒன்றுக்காகவே வகுத்த கேள்விகள் அவை. ஒருவர் தனியாக யோசிக்க உதவும் கருவி அந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்திலும் தேறாது.

அவுட்லைனரைக் கொன்றது எது என்று கேட்டால் நான் காட்டுவது இந்த இடத்தைத்தான். பாதுகாப்புக்காகப் போட்ட பூட்டு, தனியாள் தேர்ந்தெடுக்கும் வழக்கத்தையும் சேர்த்து அடைத்துவிட்டது. அவுட்லைனர் அந்த ஒரு வழியாக மட்டுமே அலுவலகத்துக்குள் வந்த மென்பொருள். மின்னஞ்சலுக்கும் கணக்கு மென்பொருளுக்கும் நிறுவனமே வாசல் திறக்கும். இதற்கு அந்த வாசல் என்றைக்குமே இருந்ததில்லை.

சென்னையில் ஓஎம்ஆர் சாலையின் கண்ணாடிக் கட்டடங்களில் வேலை செய்பவர்களுக்கு இதெல்லாம் பழக்கமான கதை. வெளிநாட்டு வங்கியோ காப்பீட்டு நிறுவனமோ வாடிக்கையாளராக இருக்கும், ஓடிசி எனப்படும் தனித் தளங்களில், வாசலிலேயே செல்பேசியை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பேனாவும் தாளும்கூடக் கொண்டுபோகக் கூடாத தளங்கள் உண்டு. அங்கே இருப்பவர்கள் தங்கள் நாளின் வேலையை நோட்பேடில் கோடு போட்டு, இடைவெளி விட்டு, தாமே அடுக்கிக்கொள்கிறார்கள். தமிழில் குறிப்பெடுக்க நினைப்பவருக்கு இன்னொரு பூட்டும் இருந்தது. விண்டோஸ் 2000இல்தான் தமிழ் யூனிகோடு வந்தது; எக்கோவும் கிராண்ட்வியூவும் அதற்கு முந்தைய தலைமுறை, யூனிகோடு அறியாதவை. யூனிகோடு அறிந்த நிரல் கிடைத்த பிறகும், தமிழில் தட்டச்சு செய்ய இ-கலப்பையையோ அழகியையோ என்எச்எம் ரைட்டரையோ நிறுவ அதே நிர்வாகி அனுமதி வேண்டியிருந்தது. எத்தனையோ தமிழர்கள் அலுவலகக் கணினியில் தமிழைத் தமிழ் எழுத்தில் எழுதாமலே பணி ஓய்வு பெற்றார்கள்.

அனுமதித்த பட்டியலுக்குள் நின்றுகொண்டு எதைத் தேர்வது என்று இன்றும் கேட்பவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வேர்டின் அவுட்லைன் பார்வை நாம் நினைப்பதைவிட நல்லது. ஆல்ட், ஷிஃப்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டு அம்பு விசைகளைத் தட்டினால் வரிகள் ஏறும், இறங்கும், உள்ளே போகும், வெளியே வரும். ஆனால் தலைப்புகளுக்கு ஒன்பது படிதான். ஒரு கிளையை மட்டும் தனியே நிறுத்திப் பார்க்க முடியாது. ஒரே வரி இரண்டு இடத்தில் வாழாது. எக்செல்லில் வரிசைகளைக் குழுவாக்கி மடக்கலாம், எட்டுப் படி வரை. நெடுவரிசைகளும் உண்டு என்பதால் எக்கோவின் ஒரு சாயல் அதில் தெரியும். ஆனால் ஒரு குழுவை இடம் மாற்றுவது எக்செல்லில் உயிரை வாங்கும். ஒன்நோட் இந்த மூன்றிலும் மேல். பத்திகள் உண்மையாகவே தாய் பிள்ளையாக இருக்கின்றன, மடங்குகின்றன, கூட்டமாக நகர்கின்றன. பூட்டிய கணினியில் எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டுமென்றால் அதைத்தான் சொல்வேன். நெடுவரிசையும் நகல் வரியும் அதில் இல்லை.

நிரலர்களுக்கு மட்டும் கொஞ்சம் அதிர்ஷ்டம். அவர்களுடைய எடிட்டர் அனுமதித்த பட்டியலில் இருக்கும். கார்ஸ்டன் டொமினிக் 2003இல் எழுதத் தொடங்கிய ஆர்க் மோட், ஈமாக்ஸ் என்ற எடிட்டருக்குள் குடியிருக்கும் முழுமையான அவுட்லைனர். கோப்போ வெறும் உரை. மேலாளருக்கும் கணக்காளருக்கும் அந்த வழி இல்லை. 2010இல் வந்த வொர்க்ஃப்ளோயி உலாவியிலேயே ஓடுகிறது, கிளைக்குள் இறங்கி ஏறும் சுகம் அதில் முழுமையாக இருக்கிறது. ஆனால் நிறுவனத்தின் ரகசியத்தை இன்னொருவரின் சர்வரில் கொண்டுபோய் எழுதுவது என்பதால் பல இடங்களில் இணைய வடிகட்டி அதை மறிக்கிறது. மறிப்பது சரி என்றும் நினைக்கிறேன்.

ஐடி துறையில் முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. இணையம் தொடாத, உரைக் கோப்பாகச் சேமிக்கிற, மூல நிரல் திறந்த அவுட்லைனர் ஒன்றை உங்கள் குழுவே சோதித்து, அனுமதித்த பட்டியலில் சேருங்கள். ஒருவர் கேட்டாலும் கிடைக்கும்படி வையுங்கள். செலவு ஒரு முறை சோதிக்கும் நேரம். பூட்டு பூட்டாகவே இருக்கும்.

கைவிடப்பட்ட கோப்புகளை இன்னும் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. எக்கோவின் 32 பிட் பதிப்பை 64 பிட் விண்டோஸில் இன்னும் ஓட்ட முடிகிறது. கிராண்ட்வியூ வீட்டுக் கணினியில் டாஸ்பாக்ஸுக்குள் ஓடும். ஓடும்போதே எல்லாவற்றையும் வெறும் உரையாக, படிநிலைக்கு டேப் இடைவெளியோடு வெளியே எடுத்துவிடுங்கள். அந்த உரையை ஒன்நோட்டில் ஒட்டலாம், ஆர்க் மோடுக்கு மாற்றலாம். முடிந்தால் ஓபிஎம்எல் வடிவிலும் ஒரு நகல் வையுங்கள். வைனரின் நிறுவனம் 2000இல் அவுட்லைன்களுக்காகவே வகுத்த வடிவம் அது, இன்றைய அவுட்லைனர்களில் பலவும் அதைப் படிக்கும். நெடுவரிசையில் இருந்த தேதிகளும் கோப்புறைப் பெயர்களும் அந்த வழியில் உதிர்ந்துபோகக் கூடும். அவற்றைத் தனி அட்டவணையாக எடுத்து, எந்த வரிக்கு எது என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கணினி இன்னும் எழுந்து உட்காரும்போதே செய்துவிடுவது நல்லது.